ஆமாம், கருப்பையா அண்ணன் ஊசிக்குப் பயந்தவர்தான்

புதன்கிழமை காலை வேலைக்குப் போவதற்காக எம்.ரெட்டியபட்டியில் ரோட்டோரம் நின்றிருந்தேன். வந்த ஷேர் ஆட்டோவில் ஆளே இல்லை. ஓட்டி வந்தவர் இறங்கி, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "டீச்சர், கருப்பையாண்ணன் விடியக்காலையில போயிட்டாரு. தூக்கத்துலயே போயிருச்சாம் உசிரு. இன்னைக்கு எங்க வண்டி எதுவும் ஓடாது. கேத வீட்டுக்கு வாரீகன்னா ஏறுங்க, கூட்டிட்டுப் போறேன்" என்றார். பள்ளிக்குப் போன் போட்டு லீவு சொல்லிவிட்டு ஏறினேன்.

வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். அண்ணனை நடுவீட்டில் கிடத்தி மாலைகள் போட்டிருந்தார்கள். தலைமாட்டில் அவர் மனைவி பாண்டியம்மாள் மதினி. நான் உட்கார்ந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மதினியின் தம்பி முருகேசன், துக்கம் கேட்க வந்த யாருக்கோ விளக்கம் சொல்வது காதில் விழுந்தது. "ஊசிக்குப் பயந்தே செத்தாரு மச்சான். வேறென்ன? ஆரம்பத்துலயே ரத்தம் குடுத்துப் பாத்திருந்தா கிட்னி போயிருக்குமா? வருசா வருசம் அலகு குத்துன மனுசன். ஒரு ஊசிக்கு இப்பிடிப் பயந்தாரு." கேட்டவர் உச்சுக் கொட்டினார். ஒருவர் லேசாகச் சிரிக்கவும் செய்தார்.

மாலைக்கு வெளியே அண்ணனின் இடது கை தெரிந்தது. முன்னங்கையில் இரண்டு இடத்தில் பிளாஸ்திரி. முந்தின நாள் செவ்வாய்க்கிழமை டயாலிசிஸுக்குப் போய்வந்த பிளாஸ்திரி. அதைப் பிரிக்கக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே, முருகேசன் சொன்னதையும் கேட்டுக்கொண்டு, ஊமைச்சி மாதிரி உட்கார்ந்திருந்தேன். அந்த வெட்கம் தாங்காமல்தான் இதை எழுதுகிறேன். அவர் ஆட்டோவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து போனவர்கள் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. முருகேசனும் படிக்கட்டும்.

அண்ணனை எனக்குத் தெரிய வந்த கதையே ஒரு திருட்டுத்தனத்தில் ஆரம்பித்தது. எனக்குத் தைராய்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். எனக்கு ஊசி என்றால் ஆகாது. ஆகாது என்றால், சிரிஞ்சின் உறையைப் பிரிக்கிற சத்தம் கேட்டாலே காது அடைத்து, கண் இருட்டி, நாற்காலியிலிருந்து சரிந்துவிடுவேன். நாற்பது வயதுப் பெண், பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், இதை யாரிடம் சொல்வது? அருப்புக்கோட்டையில் ஒரு லேப் வரைக்கும் போனேன். பெஞ்சில் உட்கார்ந்தேன். என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து, மேசையில் இருந்த பஞ்சில் ஒரு துணுக்கை எடுத்து முழங்கை மடிப்பில் வைத்து, கையை மடக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வீட்டில் கேட்டால் காட்ட வேண்டுமே.

ஏறிய ஆட்டோ கருப்பையா அண்ணனுடையது. முன்பும் பலமுறை ஏறியிருக்கிறேன், பேசியதில்லை. மற்றவர்கள் இறங்கிய பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "டீச்சர், பஞ்சுல ரத்தத்தக் காணோமே" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் டீச்சர் இல்லை, ஆபீஸ் கிளார்க்" என்றேன். கேட்ட கேள்விக்கு அதுவா பதில்?

"கிளார்க்கோ டீச்சரோ, பஞ்சு வெள்ளையாத்தான இருக்கு. பயப்படாதீக, யார்ட்டயும் சொல்ல மாட்டேன். நானும் அந்த வேலை பாத்தவன்தான். நான் வெத்தலை எச்சியத் தொட்டு வச்சுக்கிருவேன். நீங்க படிச்சவுக, அது தோணல பாருங்க."

எத்தனையோ வருடமாக மறைத்துவைத்த ஊசிப் பயத்தை நினைத்து அன்றைக்குத்தான் சிரித்தேன். ஆட்டோவில் நாங்கள் இரண்டு பேர் மட்டும், விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்கப்புறம் ஆயிரம் தடவை கிளார்க் என்று திருத்தினேன், கடைசி வரைக்கும் அவருக்கு நான் டீச்சர்தான்.

அவரைச் சாமியாராக்கிக் காட்ட நான் வரவில்லை. ஹாரன் அடிக்காமல் ஒரு கோழியைக்கூடத் தாண்டியதில்லை அந்த மனிதர். முன்சீட்டில் தன் இரண்டு பக்கமும் ஆளேற்றிக்கொண்டு ஓட்டுவார், கேட்டால் சண்டைக்கு வருவார். கிட்னி கெட்ட பிறகும் ஊறுகாயை ஒளித்துவைத்துத் தின்று மதினியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். ஆனால் பயத்தைப் பற்றி அவர் மாதிரி நேராகப் பேசிய ஆளை நான் பார்த்ததில்லை.

ஒருநாள் கேட்டேன். "கோயில் பங்குனிப் பொங்கலுக்கு வருசம் தவறாம அலகு குத்துறீங்களே அண்ணே, கன்னத்துல இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுக்குறாங்க. அதுக்குப் பயமில்லையா?"

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். "எல்லாரும் இதத்தான் கேக்குறாக. நீங்களுமா டீச்சர்? அது வேற. பதினஞ்சு நாள் விரதம் இருக்கேன். மஞ்சத்தண்ணி ஊத்துறாக, கொட்டு அடிக்கிறாக, பொம்பளைக குலவை போடுறாக. அம்புட்டும் ஆனப்புறமும் பூசாரி காதுகிட்ட வந்து 'குத்தவா?'ன்னு கேப்பாரு. நான் தலையாட்டாம அவரு கை கிட்ட வராது. ஒரு வருசம் என்னமோ எனக்கு ஒப்பல. தலையாட்டல. சரிப்பான்னுட்டு தீச்சட்டியக் கையில குடுத்து அனுப்பிட்டாரு. ஊரே நின்னுச்சு, ஒருத்தர் சிரிக்கல. ஆஸ்பத்திரியில எவன் கேக்குறான்? கைய நீட்டுங்கிறான், குத்துறான்."

அந்தப் பதிலை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். வலி இரண்டிலும் வலிதான். அலகின் கனத்துக்கு முன்னால் ஊசி ஒன்றுமே இல்லை. ஆனால் அலகை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்போது முருகேசன் சொன்னதற்கு வருகிறேன். அதில் பாதி உண்மை. ரத்தம் சோதித்துப் பார்க்க வேண்டிய காலத்தில் அண்ணன் சோதிக்கவில்லை. பிரஷர் இருந்தது, சர்க்கரை இருந்தது, இரண்டையும் பார்க்காமல் விட்டார், கிட்னி போனது. அதை நான் மறைக்கப் போவதில்லை. மீதிப் பாதியை முருகேசன் சொல்லவில்லை, அதை நான் சொல்கிறேன்.

ஊரில் ஒரு மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். ரத்தம் எடுக்கிற வரிசையில் அண்ணன் முறை வந்ததும் எழுந்து நடையைக் கட்டினார். நல்லதுக்குத்தானே என்று நாலு பேர் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். முதல் ஆளாகக் கையை அமுக்கிப் பிடித்தவர் முருகேசன். அண்ணன் உதறியதில் தட்டு கவிழ்ந்தது, அவரும் நாற்காலியோடு விழுந்தார். யாரோ அதைப் போனில் எடுத்து, அவர் அலகு குத்திய படத்தையும் பக்கத்தில் சேர்த்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு மாதம் அதுதான் பேச்சு. பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகள்கூட "அண்ணே, ஊசி வருது" என்று கத்தினார்கள். அந்த நாளுக்கு அப்புறம் ஆறு வருடம் அவர் எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்கவில்லை. பயம் பிறவியிலிருந்தே அவரோடு இருந்தது, அதை வைத்துக்கொண்டே முகாம் வரைக்கும் வந்து வரிசையில் நின்றவர்தான் அவர். அங்கிருந்து அவரை விரட்டியது சிரிப்பு. அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் கொஞ்சம் உறுத்தட்டும்.

ஆறு வருடம் கழித்து மூச்சுத் திணறி, உடம்பெல்லாம் வீங்கி, நினைவில்லாமல்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். கழுத்தில் குழாய் வைத்து டயாலிசிஸ் செய்தது எதுவும் அவருக்குத் தெரியாது. பிழைத்து எழுந்த பிறகு, இனி வாரம் இரண்டு தடவை வர வேண்டும் என்றார்கள். கையில் சின்ன ஆபரேஷன் செய்து ரத்தக்குழாயைத் தடிக்க வைப்பார்கள், அது தயாரானதும் ஒவ்வொரு தடவையும் இரண்டு ஊசி என்றார்கள். சாதாரண ஊசி இல்லை, கோணி தைக்கிற ஊசி தடிமன். மதினி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதது எனக்கு நினைவிருக்கிறது. இவர் மாட்டேன் என்பார், செத்துப் போவார் என்று எல்லோரும் நினைத்தோம்.

கையில் ஊசி ஆரம்பிக்கிற முதல் நாளுக்கு முந்தின சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. "டீச்சர், நாளைக்கு லீவு போடுவீகளா? தைரியம் சொல்ல ஊரே வருது. எனக்கு அது வேணாம். பயப்படத் தெரிஞ்சவுக ஒருத்தராச்சும் கூட வேணும்."

போனேன். செல்வி என்று ஒரு நர்ஸ், சின்ன வயது, சுறுசுறுப்பு. கட்டிலில் படுத்ததும் அண்ணன் அந்தப் பெண்ணிடம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "தாயி, நான் ஊசிக்குப் பயந்தவன். மறைக்க ஒண்ணுமில்ல. ஆள் வச்சுப் பிடிக்கக் கூடாது. கிட்ட வந்து 'குத்தவா?'ன்னு ஒரு வார்த்தை கேளு. நான் தலையாட்டுன பிறகு குத்து."

"இன்னும் நாலு பேர் காத்திருக்காங்க அண்ணே."

"பயப்படுறது என் பாடு. குத்துறது உன் பாடு. ரெண்டும் நடக்கணும்ல? நீ அவுகளப் பாத்துட்டு வா, நான் எங்க ஓடப்போறேன்?"

செல்வி ஊசித் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள், "சரி. ஆனா நான் சொல்றதையும் கேட்கணும். சில பேருக்குப் பயத்துல பிரஷர் இறங்கித்தான் மயக்கம் வரும். ரெண்டு தொடையையும் இறுக்குங்க, பத்து எண்ணுங்க, விடுங்க. மறுபடி இறுக்குங்க."

"பிரேக்க மிதிக்கிற மாதிரியா?"

"ஆமா, அதே மாதிரி."

அவர் மிதிக்க ஆரம்பித்தார். கட்டில் கிறீச்சிட்டது. செல்வி அடுத்த கட்டிலைப் பார்த்துவிட்டு வந்து, "குத்தவா அண்ணே?" என்றாள். தலை அசையவில்லை. போய்விட்டாள். இரண்டாம் முறை வந்து கேட்டாள், அப்போதும் அசையவில்லை. அவர் நெற்றியெல்லாம் வியர்வை. மதினி கதவோரம் நின்று புடவை முந்தியை முறுக்கிக்கொண்டிருந்தார். நான் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நானும் என் தொடையை இறுக்கினேன். மூன்றாம் முறை செல்வி குனிந்து, பூசாரி மாதிரியே காதோரம், "குத்தவா?" என்றாள். அண்ணன் தலையை ஆட்டினார்.

அந்த நொடியில் கதவோரத்திலிருந்து மதினி குலவை போட்டார். வார்டே அதிர்ந்தது. படுத்திருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள். பக்கத்து அறையிலிருந்து டாக்டர் ஓடிவந்து, "யாருக்குங்க குழந்தை பிறந்திருக்கு?" என்று கேட்டார். அதற்குள் இரண்டு ஊசியும் உள்ளே போய், ரத்தம் குழாயில் ஓட ஆரம்பித்திருந்தது. மதினியை அதட்டி வெளியே அனுப்பினார்கள். அண்ணன் கண்ணைத் திறக்காமலே, "அவ போட்டது போட்டதுதான், இனி திருப்பி வாங்க முடியுமா?" என்றார்.

"பயம் போயிருச்சா அண்ணே?" என்று கேட்டேன்.

"எங்க போகும்? இங்கதான் இருக்கு. ஏறிட்டுப் போகட்டும் டீச்சர், ஷேர் ஆட்டோதான? ஆளு கூடுனா எறக்கியா விடுறோம்? நெருக்கி உக்காந்துக்கிற வேண்டியதுதான்."

பிறகு இரண்டு வருடம், வாரம் இரண்டு நாள், நாளுக்கு இரண்டு ஊசி. ஒருநாளும் பயம் போகவில்லை என்று அவரே சொல்வார். ஒருநாளும் அவர் போகாமலும் இருக்கவில்லை. புதிதாக வேலைக்கு வந்த டெக்னீசியன் ஒருவர் ஒருதடவை கேட்காமல் ஊசியை எடுத்துவிட்டார். அண்ணன் கையை மடக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். "கேக்காமக் குத்துறதா இருந்தா அந்த மெஷின நீங்களே மாட்டிக்கிடுங்க, நான் போறேன்" என்றார். வாக்குவாதம் ஆனது. செல்வி வந்து சமாதானம் சொன்னாள். அந்த மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே, "குத்தவாங்க?" என்று கேட்டார். இவர் ரொம்ப மரியாதையாக, "ம், குத்துங்க சார்" என்றார். கொஞ்ச நாளில் அந்த வார்டில் எல்லாக் கட்டிலிலும் கேட்டுவிட்டுக் குத்துவது வழக்கமாகிவிட்டது என்று செல்வி என்னிடம் சொன்னாள்.

இதற்குப் பெயர்தான் பயந்து சாவதா?

இப்போது ஆட்டோ ஸ்டாண்டில் அவருக்குப் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். கன்னத்தில் அலகோடு, மாலையோடு, கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கிற படம். நல்ல படம்தான், அவருக்கும் பிடித்த படம். ஆனால் அவர் தைரியத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அதைப் பார்த்துப் பிரயோசனமில்லை. கட்டிலில் படுத்து, வியர்த்து, காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு, தலையாட்டிய முகம் ஒன்று இருக்கிறது. அதை யாரும் படம் எடுக்கவில்லை. நான் பார்த்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போகிற வழியில் அருப்புக்கோட்டையில் அதே லேப்பில் இறங்கினேன். என் பெயரைக் கூப்பிட்டார்கள். பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "எனக்கு ஊசின்னா பயம். மயங்கி விழுந்திருவேன். படுத்துக்கிறேன். கேட்டுட்டு, நான் தலையாட்டின பிறகு குத்துங்க." ரத்தம் எடுக்கிற பெண் ஒரு கட்டிலைக் காட்டினாள். பிரேக்கை மிதித்தேன். முதல்தடவை கேட்டபோது தலையாட்ட முடியவில்லை. இரண்டாம் தடவை ஆட்டினேன்.

கையை மடக்கிக்கொண்டே காரிய வீட்டுக்குப் போனேன். முருகேசன் பந்தியில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். யாரோ கேட்டிருக்க வேண்டும், மறுபடியும் அதே பல்லவி: "ஊசிக்குப் பயந்தே செத்தாரு மச்சான்." நான் அவர் முன்னால் போய் நின்றேன். பந்தியில் பாதிப் பேர் இலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஆமா, பயந்தாக. இருநூறு தடவை படுத்துப் பயந்தாக. பயந்துக்கிட்டே கைய நீட்டுனாக. அப்பிடி ரெண்டு வருசம் உங்க அக்காவோட இருந்துட்டுப் போயிருக்காக. நீங்க அன்னைக்கு அமுக்கிப் பிடிக்காம ஒரு வார்த்தை கேட்டிருந்தா இன்னும் இருந்திருப்பாக. இனி சொல்றதா இருந்தா முழுசாச் சொல்லுங்க." இவ்வளவும் சொல்லிவிட்டுக் கையைப் பிரித்தேன். பஞ்சு கீழே விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தது, நடுவில் சிவப்பு. "இது அவுக குடுத்தது."

முருகேசன் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் பஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தார். என்னைத் தள்ளிக் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்தி, "வெறும் வயித்துலதான் போகணுமா டீச்சர்?" என்று கேட்டார்.

"எங்க போக?" என்றேன்.

"எனக்கும் சர்க்கரை இருக்கும்னு சொல்றாக. பாத்ததில்ல. கேம்புல அன்னைக்கு வரிசையில மச்சானுக்கு அடுத்து நான்தான் நின்னேன். அந்தக் கலாட்டாவுல என்னைய எல்லாரும் மறந்துட்டாக." தலையைக் குனிந்துகொண்டார். "மறக்கணும்னுதான் அம்புட்டு அழுத்திப் பிடிச்சேன்."

அவரை நான் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் இல்லை. மதினி மன்னித்தால் அது மதினியின் பாடு. ஆனால் கருப்பையா அண்ணனிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. பயப்படுகிறவரைத் தனியாக விடக்கூடாது, அவர் யாராக இருந்தாலும்.

"நாளைக்குக் காலையில ஏழரைக்கு லேப்பு வாசலுக்கு வாங்க, நான் அங்க நிக்கிறேன்" என்றேன். "உங்க பயத்தையும் கூட்டிட்டு வாங்க. நெருக்கி உக்காந்துக்கிடலாம்."